கறைப்பல்லும் வால்வுச் சாவியும்: ஓர் இளையோர் நாவல் பிரதி குறித்த நிகழ்வு ஆய்வு

பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி எழுதிய முதல் நாவலின் பிரதி, பதிப்பகத்துக்குப் போவதற்கு முன் கருத்துச் சொல்வதற்காகத் தருமபுரியில் இருக்கும் என்னிடம் வந்தது. வருங்காலக் கொடுங்கோலாட்சி ஒன்றைக் களமாகக் கொண்டு, மாயமும் காதலும் கலந்து, பதின்பருவத்தினரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நாவல் அது. 2008இல் சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ வெளிவந்த பிறகு ஆங்கிலத்தில் பெருகிய டிஸ்டோபியன் நாவல்களை, அதாவது கொடுங்கோன்மை நிறைந்த வருங்காலத்தைக் காட்டும் நாவல்களைப் படித்து வளர்ந்த தலைமுறையின் கை அது என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. நாவல் இன்னும் அச்சேறவில்லை என்பதால் தலைப்பையும் பாத்திரப் பெயர்களையும் தவிர்த்து, ஆசிரியரின் இசைவோடு இந்த ஆய்வை எழுதுகிறேன்.

இப்பிரதியைத் தனியே எடுத்து ஆராயக் காரணம் உண்டு. இதன் உலகம் இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த உலகத்துக்கு ஆசிரியரே விதித்த விதிகள் நிற்கும் இடத்திலெல்லாம் நாவல் வலுவாக இருக்கிறது. காதலுக்காகவோ மாயத்துக்காகவோ அவை தளர்த்தப்படும் இடத்திலெல்லாம் சரிகிறது.

கதை

மழை பொய்த்துப்போன ஒரு வருங்காலத்தில், ஒகேனக்கல்லில் எடுக்கப்படும் காவிரி நீர் முழுவதும் வத்தல்மலை மேல் மதில் எழுப்பி வாழும் ஒரு நகரத்துக்கு ஏற்றப்படுகிறது. அங்கிருந்து சமவெளி ஊர்களுக்கு எவ்வளவு நீர் இறங்கலாம் என்பதை ஒரே ஒரு வால்வுச் சாவி தீர்மானிக்கிறது. அந்தச் சாவி எவர் இடுப்பில் தொங்குகிறதோ அவரே ஆட்சியாளர். கீழே இருப்பவர்கள் ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீரைக் குடித்துப் பற்களில் கறை ஏறி வாழ்கிறார்கள். 17 வயது நிறைந்த ஒவ்வொருவரும் மதில் வாசலில் வாயைத் திறந்து காட்ட வேண்டும். வெண்பல் உள்ளவர்களுக்கு நகரக் குடியுரிமை, கறைப்பல் உள்ளவர்களுக்குச் சமவெளி அல்லது நகரத்து எடுபிடி வேலை.

நாயகி, நீரோட்டம் பார்க்கும் ஒரு கிழவரின் பேத்தி. பூமிக்கடியில் நீர் ஓடினால் அவளுடைய குதிகாலில் அது தெரியும். நகரத்துக்குப் பணிப்பெண்ணாகப் போகும் அவளை ஆட்சியாளரின் மகன் காதலிக்கிறான். ஒகேனக்கல் பள்ளத்தாக்கிலிருந்து இரவில் பரிசலில் தண்ணீர் கடத்தும் இன்னொரு இளைஞனும் அவளை விரும்புகிறான். முடிவில் அவள் ஒரு நிலத்தடி ஆற்றைக் கண்டுபிடிக்க, பாறை பிளந்து நீர் பொங்க, ஆட்சி கவிழ்கிறது.

கறை என்னும் அடையாளம்

மக்களை வகை பிரிப்பது இவ்வகை நாவல்களின் அடித்தளம். வட்டார எண், இரத்தத்தின் நிறம், குணத்தேர்வு என ஏதாவது ஒன்றை ஆசிரியர் கற்பிக்க வேண்டியிருக்கும். அதை வாசகரை நம்பவைக்கவே நாவலின் முதற்பகுதி செலவாகும். இப்பிரதியின் ஆசிரியருக்கு அந்தச் செலவே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைப் படிவங்களிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைந்து சேர்வதும், அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கோடுகள் நிலைத்துவிடுவதும் இங்கே அனைவரும் அறிந்தவை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம், மாற்று வழி இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த வரம்பைத் தாண்டிய கிணறுகளையும் போர்களையும் நம்பியே இங்கே பல ஊர்கள் பல தலைமுறைகள் வாழ்ந்தன. ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததற்கு இந்தப் பாதிப்பே முதற்காரணம். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கத்தையும், புகைப்படத்துக்கு உதட்டை மூடி நிற்பதையும், பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவதையும் இங்குள்ள வாசகருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் செய்ததெல்லாம், ஊரில் சொல்லாமல் நடப்பதைச் சட்டமாக எழுதியதுதான்.

அந்தச் சட்டம் முதன்முதலில் செயல்படும் மதில் வாசல் காட்சியே பிரதியின் ஆகச் சிறந்த பகுதி. காவலன் தன் கட்டைவிரலை நாயகியின் மேலுதட்டுக்கு அடியில் நுழைத்து, உதட்டை மூக்குவரை தூக்கிப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாக எண்ணுகிறான். அவளுக்கு அவமானம் பற்றிய சிந்தனை எதுவும் ஓடுவதில்லை. முந்தைய ஆளின் எச்சில் அந்த விரலில் இன்னும் காயவில்லை என்பதும், விரலில் புகையிலைக் கசப்பு இருக்கிறது என்பதும் மட்டுமே அவளுக்குத் தெரிகின்றன. உணர்ச்சியை விளக்கும் ஒரு சொல்கூட அந்தப் பக்கத்தில் இல்லை. முதல் நாவல் எழுதுபவரிடம் இந்த அடக்கத்தை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

அடுத்து நிற்பவன் அவளுடைய இரட்டைப் பிறவியான தம்பி. அவனுக்கு வெண்பல். ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்கு இது எப்படிச் சாத்தியம் என்று காவலன் கேட்கும்போது தாய் தலை குனிகிறாள். பரிசலில் கடத்தி வந்து குடம் கணக்கில் விற்கப்பட்ட நல்ல தண்ணீரை வாங்கும் வசதி அந்த வீட்டுக்கு ஒரு பிள்ளையின் அளவுக்கே இருந்தது. அது ஆண்பிள்ளைக்குப் போயிற்று. நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் காலத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த நீரே பல்லின் நிறத்தை முடிவு செய்கிறது; அதன் பின் எந்த நீரைக் குடித்தாலும் பல் மாறுவதில்லை. ஆகவே அந்த வீட்டில் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்ட பாகுபாட்டை அரசு இப்போது வாசித்துப் பார்க்கிறது, அவ்வளவே. கொடுங்கோன்மை மலைமேல் மட்டும் இல்லை, அடுப்படியில் இருந்த இரண்டு குடங்களிலும் இருந்தது என்று சொல்லாமல் சொல்லும் இந்த இடத்தில் நாவல், தான் பார்த்து வளர்ந்த ஆங்கில முன்மாதிரிகளைத் தாண்டிப் போகிறது.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு, என்னிடம் முதலில் வந்த வரைவான முதற்படியில் கிடைத்தவை இரண்டு பத்திகள். நான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு தம்பியைக் காணவே காணோம். நாயகி அதே நகரத்தில் பல மாதங்கள் வேலை செய்தும் ஒருமுறைகூட அவனைத் தேடுவதில்லை. காரணம், அப்போது ஆட்சியாளரின் மகன் வந்துவிடுகிறான்.

இளைய வாசகர்கள்

என் கருத்து மட்டும் போதாது என்று, மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் சிலரிடம் பிரதியைக் கொடுத்தோம். பெரும்பாலோர் ஓரிரு இரவுகளில் முடித்துவிட்டார்கள். அதை இந்நாவலின் வேகத்துக்குக் கிடைத்த சான்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் குறையென்று கருதிய அரண்மனை இளைஞனை, அதாவது ஆட்சியாளரின் மகனை, அவர்கள் கொண்டாடினார்கள். அவன் பேசும் வசனங்கள் சிலரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரை போயின. அதே வாசகர்கள் இரட்டைக் குழந்தைகளின் காட்சியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். ஒரு மாணவி, இதில் கற்பனை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

இதை வைத்து இளையோருக்குக் காதல்தான் வேண்டும், அரசியல் வேண்டாம் என்று முடிவு கட்டுவது பிழை. விரும்பியதைப் பற்றி நிறையப் பேசுவதும், தைத்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் எல்லா வயதிலும் உண்டு.

நிலத்தடி நீரும் ஒரு முரணும்

நாயகியின் மாய ஆற்றலுக்கு ஆசிரியர் தேர்ந்த வேர் பாராட்டத்தக்கது. போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவதும், அவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு நிலத்தில் நடப்பதும், நீர் உள்ள இடத்தில் தேங்காய் நிமிர்ந்து நிற்பதாக நம்புவதும் இப்பகுதியில் இன்றும் உள்ள வழக்கம். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது, ஆனால் புனைவுக்கு அது தடையல்ல. தாத்தாவின் உள்ளங்கையில் இருந்தது பேத்தியின் குதிகாலுக்கு இறங்கியிருக்கிறது. தொடக்கத்தில் அதற்கு எல்லைகளும் உண்டு: ஓடும் நீர் மட்டுமே அவளுக்குத் தெரியும், தேங்கிய நீர் தெரியாது, ஒவ்வொரு முறை உணர்ந்த பின்பும் காய்ச்சல் கண்டு படுத்துவிடுவாள்.

பாதிக்கு மேல் இந்த எல்லைகள் கரைகின்றன. பிறர் மனத்தில் ஓடுவது தெரிகிறது, காய்ச்சல் வருவதில்லை, கடைசியில் நீர் அவள் சொன்ன திசையில் பாய்கிறது. விலை கொடுக்காமல் கிடைக்கும் ஆற்றல் பரபரப்பைக் கொன்றுவிடும் என்பது இவ்வகை எழுத்தின் பாலபாடம் என்பதால் அதை விரித்துப் பேச வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய கோளாறு முடிவில் இருக்கிறது.

நாயகி கண்டுபிடிக்கும் ஆறு நிலத்துக்கடியில் ஓடுவது. சமவெளி மக்களின் பற்களைக் கறையாக்கியதும் நிலத்தடி நீர்தான். பாறையைப் பிளந்து பொங்கிய நீரை ஊரே குடத்தில் பிடித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து மகிழும் கடைசிக் காட்சி, நாவல் முதல் அத்தியாயத்தில் சொன்ன உண்மையின்படி, இன்னொரு தலைமுறைக்குக் கறை ஊட்டும் காட்சி. இதைச் சுட்டிக்காட்டியபோது ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அவரே முன்வைத்த திருத்தம் என்னுடைய ஆலோசனைகள் எவற்றையும்விட மேலானது: ஆட்சியாளர் கீழே இருப்பவர்கள் எத்தனை போர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள அனுமதிக்கிறார், ஏனென்றால் அந்தத் தண்ணீர்தான் அவருக்குக் கறைப்பல்லர்களைத் தயாரித்துத் தருகிறது. அப்படியானால் நாயகியின் ஆற்றல் வரம் இல்லை. அவள் குதிகால் காட்டும் ஒவ்வோர் ஊற்றும் ஆட்சிக்குச் செய்யும் சேவை. விடுதலை நிலத்துக்குள் இல்லை, வால்வு அறையில்தான் இருக்கிறது.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சறுக்கல், நகரத்து நீரைச் சில மாதங்கள் குடித்ததும் நாயகியின் பற்கள் வெளுத்துவிடுவது. ஃபுளோரைடுக் கறை அப்படிப் போகாது என்பது ஒருபுறமிருக்க, அழகற்றவள் காதலுக்குப் பின் அழகியாகிறாள் என்ற பழைய கதையை இது பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறது. கறையோடு அவளைக் காதலிக்க முடியாத ஒருவனை எதற்காக நாயகன் என்று அழைக்க வேண்டும்?

காதல்

ஆட்சியாளரின் மகனுக்குப் பச்சைக் கண்கள். வத்தல்மலையில் அவை எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் இருந்திருக்காது. உயரம், மௌனம், தோளில் ஒரு தழும்பு, நாயகியைக் கண்டதும் சுவரில் சாய்ந்து நிற்கும் பழக்கம் ஆகியவற்றைத் தவிர அவனைப் பற்றி இருநூறு பக்கங்களுக்குப் பிறகும் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவன் தினமும் குடிக்கும் தண்ணீரைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்பது ஒருமுறைகூடப் பேசப்படுவதில்லை. அவளைப் பின்தொடர்வதையும், அவளுடைய பாதுகாப்புக்காக என்று சொல்லி அறைக் கதவைப் பூட்டுவதையும் நாவல் காதலின் ஆழமாகக் காட்டுகிறது. நாயகிக்கு 17, அவனுக்கு 22. குழந்தைத் திருமணங்களைத் தடுக்க அதிகாரிகள் இன்றும் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும் மாவட்டங்களில், பதின்பருவ வாசகர் கைக்குப் போகும் ஒரு நூலில், இந்த வயதும் இந்தப் பூட்டும் சாதாரண விவரங்கள் அல்ல.

பரிசல் இளைஞன் இதற்கு நேர்மாறு. அவனுக்குத் தொழில் இருக்கிறது. எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல் இருக்கும், எந்த மாதத்தில் எந்தக் கரையில் ஒதுங்கலாம் என்ற அறிவு இருக்கிறது. தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று விலை சொல்லி விற்பவன் என்பதால் மனத்தில் ஓர் உறுத்தலும் இருக்கிறது. இரட்டையரின் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கான நீரை மட்டும் விற்றவர் இவனுடைய தந்தை. இந்த ஒரு தகவலில் இருக்கும் நாடகத்தை முதற்படி பயன்படுத்தவேயில்லை. அவனை முக்கோணத்தின் மூன்றாவது முனையாக மட்டும் நிறுத்தி, கடைசியில் அம்பு பட்டுச் சாகவிட்டுவிட்டது.

மொழியும் காதல் காட்சிகளில்தான் தடுமாறுகிறது. சமவெளி மக்கள் பேசும்போது பென்னாகரத்துப் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. நகரத்தார் எழுத்துத் தமிழில் பேசுவதும் நல்ல முடிவு. காதலிக்கத் தொடங்கியதும் நாயகி டப்பிங் படத்து வசனம் பேசுகிறாள். இதனோடு நாவல் முழுவதும் தன்மையிலும் நிகழ்காலத்திலும் எழுதப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கில இளையோர் நாவல்களில் பழகிப்போன இந்த முறை, தமிழில் ‘நடக்கிறேன், பார்க்கிறேன், திரும்புகிறேன்’ என்று வரிக்கு வரி ஒரே ஈற்றில் முடிந்து, ஓட்டப்பந்தயத்துக்கான நேர்முக வர்ணனையைப் போல ஒலிக்கிறது. மதில் வாசல் காட்சிக்கு அது பொருந்துகிறது. தாத்தாவின் நினைவுகளுக்குப் பொருந்தவில்லை.

முகப்பில் குறுந்தொகையின் செம்புலப் பெயல்நீர்ப் பாடல் இருந்தது. தமிழில் காதலைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் முகப்பில் போடுகிறார்கள். ஆனால் இந்த உலகத்தில் பெய்யும் மழைத்துளியும் அரசின் சொத்து. அது மண்ணோடு கலப்பதே குற்றம். பாடலை அலங்காரமாக ஒட்டிய ஆசிரியர், அது தன் கதைக்குள் எவ்வளவு ஆபத்தான வரியாக மாறியிருக்க முடியும் என்பதைக் கவனிக்கவில்லை. அகத்திணை மரபிலிருந்து அவர் எடுத்திருக்க வேண்டியது தோழியை. பிரதியில் நாயகிக்கு ஒரு தோழி உண்டு; அவள் வேலை, நாயகி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும். சங்கப் பாடல்களின் தோழி அப்படிச் சும்மா இருப்பவள் அல்லள். தலைவனை வாயிலிலேயே மறுத்து அனுப்புவாள், ஊரார் அலர் தூற்றுவதை எச்சரிப்பாள், தேவைப்படும்போது அறத்தொடு நின்று காதலை வீட்டாரிடம் வெளிப்படுத்துவாள்.

காதலுக்கு இந்த உலகம் விதிக்கும் விலை என்ன என்பதே இறுதியில் கேட்க வேண்டிய கேள்வி. முதற்படியில் காதல் வெளிப்பட்டதும் ஆட்சியாளர் மகனைக் கண்டிக்கிறார், நாயகியைச் சிறையில் போடுகிறார், அதோடு சரி. 2012 நவம்பரில், சாதி கடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. எல்லை தாண்டிய காதலுக்கான தண்டனை காதலித்த இருவரோடு நிற்பதில்லை, ஊரையே தேடி வரும் என்பதை இங்குள்ள பதின்பருவ வாசகருக்கும் மறைக்க முடியாது. ஆசிரியர் அந்த நிகழ்வைத் தொட விரும்பவில்லை. கற்பனை உலகத்தைத் தேர்ந்ததே அதற்காகத்தான் என்றார். அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன், சாதியை நேரடியாகக் கொண்டுவரும்படி கேட்கவும் இல்லை. வால்வுச் சாவி என்ற ஒன்றைப் படைத்துவிட்டு, காதலுக்குத் தண்டனையாக அதைத் திருகாமல் விட்டது கதையின் தர்க்கத்துக்கே ஒவ்வாதது என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் படி

சில மாதங்களுக்குப் பிறகு வந்த இரண்டாம் படியில், காதல் வெளிப்பட்ட மறுநாள் காலை நாயகியின் ஊருக்கான வால்வு மூடப்படுகிறது. கொஞ்சநஞ்சம் இறங்கிக்கொண்டிருந்த காவிரி நீரும் நின்று, ஊர் முழுக்கப் போர்த் தண்ணீருக்குப் போகிறது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் 17 வயதில் மதில் வாசலில் நிற்கும்போது எந்தப் பக்கம் அனுப்பப்படுவார்கள் என்பது அந்தக் காலையிலேயே முடிவாகிவிடுகிறது. ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு நாயகியின் தாய் வீட்டு வாசலில் வந்து நின்று, ஒரு வார்த்தை திட்டாமல், குடங்களைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போகிறார்கள். தோழி இப்போது அந்த ஊரிலிருந்து வந்தவள். அவளுடைய கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் சேர்கிறது. வால்வு அறையில் காவல் நிற்பவனாகத் தம்பி திரும்ப வருகிறான்.

பற்கள் வெளுக்கவில்லை. மாயத்துக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. பரிசல் இளைஞன் சாகவில்லை, நாயகி அவனையும் தேர்வதில்லை. இது எனக்குச் சரியாகவே பட்டது, இளைய வாசகர்களுக்குப் பெரும் ஏமாற்றம். அரண்மனை இளைஞனின் வயது 18 ஆகக் குறைந்திருக்கிறது, பூட்டிய அறை போய்விட்டது, தன் வீட்டுத் தண்ணீரைப் பற்றி அவன் சிந்திக்கும் ஓர் அத்தியாயம் வந்திருக்கிறது. பச்சைக் கண்களை மட்டும் ஆசிரியர் விட்டுக்கொடுக்கவில்லை.

திருத்தத்தால் இழப்பும் உண்டு. முதற்படியை ஓரிரு இரவுகளில் முடித்த அதே வாசகர்கள் இரண்டாம் படியின் நடுப்பகுதியில் நின்று நின்று போனார்கள். வால்வு அறையின் இயக்கம், மேல்நிலைத் தொட்டிகளின் அமைப்பு, எந்த ஊருக்கு எந்தக் குழாய் என்ற விவரங்கள் மூன்று அத்தியாயங்களை நிரப்பியிருக்கின்றன. ஆசிரியர் குடிநீர் வாரியத்து ஊழியர்களிடம் கேட்டறிந்ததை எல்லாம் ஒன்று விடாமல் இறக்கிவைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றுக்கு மேல் தேவையில்லை. காதல் காட்சிகள் குறைந்த அளவுக்கு அவற்றின் சூடு கூடவில்லை. விலை இன்னதென்று தெரிந்த பிறகு இருவரும் பேசிக்கொள்ளும் ஒரே உரையாடல் இரண்டு பக்கங்களில் அவசரமாக முடிகிறது. தண்ணீர் நின்றுபோன ஊரைப் பற்றி அவள் அவனிடம் என்ன சொல்கிறாள், அவன் என்ன செய்யத் துணிகிறான் என்பதை அங்கே முழுமையாக எழுதியாக வேண்டும். மூன்றாம் படியில் அந்த இரண்டு பக்கங்களை ஓர் அத்தியாயமாக விரிப்பதும், குழாய்களின் மூன்று அத்தியாயங்களை ஒன்றாக மடக்குவதும்தான் இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலை.